ஒரு நாடு, ஒரு படம்: பாம் ஸ்பிரிங்ஸ் முதல் பெவர்லி ஹில்ஸ் வரை

சனி, பாம் ஸ்பிரிங்ஸ்

ஆங்கிலம் அல்லாத மொழிப் படங்களுக்கு ஆஸ்கரில் சர்வதேசப் படப் பிரிவு இருக்கிறது. அதற்கு ஒவ்வொரு நாடும் தேர்ந்தெடுத்து அனுப்பிய ஒரு படத்தை அடுத்தடுத்துப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் லாஸ் ஏஞ்சலஸில் உட்கார்ந்தால் வேலைக்காகாது. ஜனவரி முதல் இரண்டு வாரத்தில் அங்கிருந்து கிழக்கே 170 கிலோமீட்டர் தள்ளி, பாலைவனத்துக்குள் இருக்கும் பாம் ஸ்பிரிங்ஸுக்கு வர வேண்டும். இந்தத் திரைப்பட விழாவை அந்நாளைய மேயர் சோனி போனோ 1989-இல் முன்னின்று உருவாக்கினார். சர்வதேசப் படப் பிரிவுக்கு வந்த படங்களில் பலவற்றை இங்கே திரையிடுகிறார்கள். சர்வதேச விமர்சகர் அமைப்பான ஃபிப்ரெஸ்கியின் நடுவர்கள் அவற்றிலிருந்து தனியாகப் பரிசும் தருகிறார்கள்.

வரும் வழி: 10-ஆம் எண் நெடுஞ்சாலை. காலையில் கிளம்பினால் இரண்டு மணி நேரம். வெள்ளி மாலை கிளம்பினால் மூன்று, மூன்றரை. சான் கோர்கோனியோ கணவாயில் காற்றாலைகள் கண்ணில் பட்டால் ஊர் வந்துவிட்டது. ஆம்ட்ராக் ரயிலும் உண்டுதான், ஆனால் வாரத்தில் மூன்று நாள் மட்டுமே, அதுவும் அகால நேரத்தில், ஊருக்கு வெளியே ஆளில்லாத நிலையத்தில் இறக்கிவிடும். பஸ்ஸே மேல். பகலில் 20 டிகிரி, இரவில் நல்ல குளிர். ஸ்வெட்டர் இல்லாமல் இரவுக் காட்சிக்குப் போக வேண்டாம்.

அன்னன்பெர்க், ரிச்சர்ட்ஸ் சென்டர் ஆகிய அரங்குகள் ஊருக்குள்ளேயே இருக்கின்றன. மேரி பிக்ஃபோர்ட் பக்கத்து ஊரான கதீட்ரல் சிட்டியில் இருக்கிறது. அட்டவணையில் ஒரு படம் 12.30-க்கு முடிந்து அடுத்தது 1 மணிக்கு என்று இருந்தால், இரண்டும் ஒரே அரங்கா என்று முதலில் பாருங்கள். கேள்வி-பதில் நீண்டால் அந்த அரைமணி காணாமல் போகும். டிக்கெட் தீர்ந்த படத்துக்கு ‘ரஷ் லைன்’ வரிசை உண்டு; காலி இருக்கைக்குக் கடைசி நேரத்தில் ஆள் விடுவார்கள்.

எதைப் பார்ப்பது? 2026-இன் 98-ஆவது ஆஸ்கர் விருதுக்குத் தகுதி பெற்றவை 86 நாடுகளின் படங்கள். முதல்கட்ட வாக்குக்குப் பிறகு, 2025 டிசம்பர் 16 அன்று அது 15 ஆகச் சுருங்கியது. எங்கள் யோசனை, எந்த ஆண்டும் அந்த 15-ஐ விட்டுவிடுங்கள். அவை எப்படியும் தியேட்டருக்கோ ஓடிடிக்கோ வந்து சேரும். வெளியே தள்ளப்பட்ட மற்றவற்றில் பலவற்றை இந்த ஊரை விட்டால் அமெரிக்காவில் பெரிய திரையில் பார்ப்பது அரிது.

ஞாயிறு, திரும்பும் வழி

இன்று பெரும்பாலும் சாலைதான். இரண்டு நாள் படங்களைப் பார்த்ததில் மனதில் படுவது ஒன்று: வெளியேறிய படங்கள் எல்லாம் மோசமான படங்கள் அல்ல. பல படங்களுக்கு அமெரிக்காவில் விநியோகஸ்தர் இல்லை, விளம்பரத்துக்கு ஆள் இல்லை, பார்க்கச் சொல்லி நினைவூட்ட யாருமில்லை. இந்தப் போட்டியில் ஒரு படத்தின் விதியில் பாதியாவது செப்டம்பர் மாதத்தில், சொந்த நாட்டில், ஒரு கமிட்டி அறையிலேயே எழுதப்பட்டுவிடுகிறது. அது எப்படி என்பதை இந்த வாரம் ஒவ்வோர் இடமாகப் பார்ப்போம்.

திங்கள், ஹாலிவுட் பூலவார்டு

விமானத்தில் நேராக லாஸ் ஏஞ்சலஸ் வருகிறவர்கள் ஃப்ளைஅவே பஸ்ஸில் யூனியன் ஸ்டேஷன் வந்து, மெட்ரோ பி லைனில் ஏறி ஹாலிவுட்-ஹைலேண்டில் இறங்கலாம். மெட்ரோவின் கட்டண அட்டையான டாப் கார்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு பயணம் 1.75 டாலர், இரண்டு மணி நேரத்துக்குள் மாறி ஏறினால் தனிக் கட்டணம் இல்லை. நிலையத்தில் ஏறி வெளியே வந்தால் டால்பி தியேட்டர்.

நுழைவாயிலிலிருந்து படிக்கட்டு வரை இருபுறத் தூண்களிலும் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கிய படங்களின் பெயர்கள் ஆண்டுவாரியாக இருக்கின்றன. 2071 வரைக்கும் வெற்றிடம் விட்டிருக்கிறார்கள். ‘பாரசைட்’ பெயர் அங்கே உண்டு. ஆங்கிலம் அல்லாத மொழிப் படம் ஒன்று சிறந்த படமானது அதுதான் முதல்முறை. உள்ளே சுற்றிக்காட்ட வழிகாட்டியோடு ஆள் அழைத்துப்போகிறார்கள். நிகழ்ச்சி இருக்கும் நாளில் அது ரத்து, அதனால் முந்தின நாளே விசாரித்துவிடுங்கள்.

இந்த அரங்கில் நடந்த முதல் ஆஸ்கர் விழா 2002 மார்ச் 24. அன்று இந்தியாவின் ‘லகான்’ இந்தப் பிரிவில் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்ட இறுதி ஐந்தில் ஒன்றாக இருந்தது. விருது போஸ்னியாவின் ‘நோ மேன்ஸ் லேண்ட்’ படத்துக்குப் போனது. அதற்கு முன் 1957-இன் ‘மதர் இந்தியா’, 1988-இன் ‘சலாம் பாம்பே’. இந்தியா அனுப்பி, இறுதி ஐந்துக்குள் வந்தவை இந்த மூன்றும்தான். அதன்பின் 15 படப் பட்டியல் வரைக்கும் போனவை ‘செல்லோ ஷோ’வும் 2025-இல் அனுப்பிய ‘ஹோம்பவுண்ட்’டும்.

தமிழிலிருந்து இந்தியா அனுப்பியவை பத்து: தெய்வமகன், நாயகன், அஞ்சலி, தேவர் மகன், குருதிப்புனல், இந்தியன், ஜீன்ஸ், ஹே ராம், விசாரணை, கூழாங்கல். இதில் சரிபாதி கமல் ஹாசன் படங்கள். எதுவும் இறுதி ஐந்துக்குள் வரவில்லை. 2000-க்கும் 2016-க்கும் நடுவில் தமிழுக்கு ஒரு வாய்ப்புக்கூடக் கிடைக்கவில்லை என்பதையும் கவனிக்கலாம்.

இந்தப் பத்தோடு கணக்கு முடியவில்லை. எரிக் கூவின் ‘மை மேஜிக்’ பெரும்பகுதி தமிழ் பேசும் படம். 2008-இல் அதை அனுப்பியது சிங்கப்பூர். 2015-இல் கான் விழாவில் முதல் பரிசான தங்கப் பனை வாங்கிய ‘தீபன்’ ஈழத் தமிழர்களைப் பற்றிய, பெரும்பகுதி தமிழிலேயே ஓடும் பிரெஞ்சுப் படம். பிரான்ஸ் அந்த ஆண்டு அதை விட்டுவிட்டு, துருக்கிய மொழி பேசும் ‘முஸ்தாங்’கை அனுப்பியது, அது பரிந்துரையும் பெற்றது. ஆங்கிலம் அல்லாத எந்த மொழி என்பது இங்கே கேள்வியே இல்லை, எந்த நாடு என்பதுதான் கேள்வி.

எதிர்ப்புறம் ஹாலிவுட் ரூஸ்வெல்ட் ஹோட்டல். 1929 மே 16 அன்று முதல் விழா இங்குதான் நடந்தது. அன்று வெளிநாட்டுப் படத்துக்கென்று எதுவும் இல்லை. 1947-ஆம் ஆண்டுப் படங்களுக்கான விழாவில்தான் இத்தாலியின் ‘ஷூஷைன்’ படத்துக்குக் கௌரவ விருதாகக் கொடுக்க ஆரம்பித்தார்கள். 1956-இன் படங்களிலிருந்து அது போட்டிப் பிரிவானது. முதல் வெற்றி ஃபெலினியின் ‘லா ஸ்ட்ராடா’.

செவ்வாய், லா சியெனெகா பூலவார்டு

ஆஸ்கர் வழங்கும் அமைப்பான அகாடமியின் மியூசியத்துக்குச் செவ்வாய் விடுமுறை. அதனால் இன்று அதே அமைப்பின் திரைப்பட நூலகமான மார்கரெட் ஹெரிக் நூலகம். 1928-இல் கட்டிய பெவர்லி ஹில்ஸ் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் இது. 1991-இல் நூலகமாக மாறியது. கோபுரம் பழையபடியே நிற்கிறது. கட்டணம் கிடையாது. ஆராய்ச்சியாளர் என்று காட்ட வேண்டியதும் இல்லை. புகைப்பட அடையாள அட்டை கட்டாயம், வெளிநாட்டவர் பாஸ்போர்ட் கொண்டுபோவது நல்லது. பையை லாக்கரில் வைக்க வேண்டும். கையெழுத்துப் பிரதி, கடிதம் போன்ற சிறப்புத் தொகுப்புகளுக்கு முன்கூட்டியே நேரம் வாங்காமல் போனால் கிடைக்காது. இன்னார் எந்த ஆண்டு பரிந்துரை பெற்றார் என்பதற்காக மட்டும் இங்கே வர வேண்டாம், அகாடமியின் விருதுத் தரவுத்தளம் இணையத்திலேயே இலவசம்.

இந்தப் பிரிவின் விதிகளை முதல் தடவை படிக்கிறவர்களுக்கு வறட்சியாக இருக்கும். ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஏதாவது ஒரு படம் அடிபட்ட கதை இருக்கிறது என்று தெரிந்தால் சுவாரசியம் வந்துவிடும்.

ஒரு படம் 40 நிமிடத்துக்கு மேல் ஓட வேண்டும். அமெரிக்காவுக்கு வெளியே தயாரானதாக இருக்க வேண்டும். வசனத்தில் பாதிக்கு மேல் ஆங்கிலம் அல்லாத மொழியில் இருக்க வேண்டும். கார்ட்டூன் படமும் ஆவணப் படமும் போகலாம். கேட்க எளிமையாக இருக்கும் அந்த ‘பாதிக்கு மேல்’ என்ற சொல்தான் நிறையப் பேரைக் கவிழ்த்திருக்கிறது. இஸ்ரேலின் ‘தி பேண்ட்ஸ் விசிட்’ 2007-இல் அதனால் போனது; எகிப்தியரும் இஸ்ரேலியரும் சந்தித்தால் ஆங்கிலத்தில்தானே பேசிக்கொள்வார்கள்! 2019-இல் நைஜீரியாவின் ‘லயன்ஹார்ட்’. நைஜீரியாவின் ஆட்சிமொழியே ஆங்கிலம் என்ற வாதம் எடுபடவில்லை. 2020-இல் கனடா அனுப்பிய தீபா மேத்தாவின் ‘ஃபன்னி பாய்’ கொழும்புத் தமிழ்க் குடும்பத்தின் கதை. அந்த மேல்தட்டு வீட்டில் ஆங்கிலமே அதிகம் புழங்குவதால் அதுவும் விலக்கப்பட்டது, கனடா வேறு படம் அனுப்ப வேண்டிவந்தது.

இதைத் தவிர்க்க வழி உண்டு. படத்தொகுப்பு பூட்டப்பட்டதும் முழு வசனப் பட்டியலை நேரக் குறியோடு எடுத்து, ஒவ்வொரு வரிக்கும் மொழியைக் குறித்து, ஆங்கில நொடிகளைக் கூட்டுங்கள். 40 சதவீதத்தைத் தாண்டினாலே தேர்வுக் கமிட்டியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது உத்தமம். கடைசியில் அகாடமி கணக்குப் பார்த்தால் நாட்டின் ஒரே வாய்ப்பும் சிக்கலாகும்.

பழைய விதி இதைவிடக் கடுமை, படம் அனுப்பும் நாட்டின் மொழியிலேயே இருக்க வேண்டும் என்றார்கள். ஆஸ்திரியா 2005-இல் அனுப்பிய ‘காஷே’ பிரெஞ்சில் இருந்ததால் நிராகரிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே விதியை மாற்றினார்கள். உடனே பலன் பெற்ற படம், கனடா அனுப்பிய, இந்தி பேசும் ‘வாட்டர்’. அதுவும் தீபா மேத்தா படம்தான். விதி மாறியதால் ஒருமுறை உள்ளே வந்தவர் 14 ஆண்டு கழித்து இன்னொரு விதியில் மாட்டியிருக்கிறார்.

அடுத்தது படைப்புக் கட்டுப்பாடு. அனுப்பும் நாட்டின் குடிமக்கள் அல்லது அங்கே வசிப்பவர்கள் கையில்தான் படம் பெருமளவு இருந்தது என்று அந்த நாடு உறுதி தர வேண்டும். 1992-இல் உருகுவே அனுப்பிய ‘எ ப்ளேஸ் இன் தி வேர்ல்ட்’ பரிந்துரைப் பட்டியலில் ஏறிய பிறகு, உண்மையில் அது அர்ஜென்டினாப் படம் என்று நீக்கப்பட்டது. 1994-இல் சுவிட்சர்லாந்தின் ‘த்ரீ கலர்ஸ்: ரெட்’, 2007-இல் தைவானின் ‘லஸ்ட், காஷன்’ ஆகியவை வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டன. 98-ஆவது விருதிலிருந்து அகதிகளும் அடைக்கலம் பெற்றவர்களும் இந்தக் கணக்கில் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். ஈரானிலிருந்து தப்பி வந்த முகமது ரசூலோஃபின் படத்தை 2024-இல் ஜெர்மனி அனுப்பிய பின்னணியில் பார்த்தால் இந்தத் திருத்தத்தின் அவசியம் புரியும்.

பிறகு, வெளியீடு. 98-ஆவது விருதுக்கு 2024 அக்டோபர் 1 முதல் 2025 செப்டம்பர் 30-க்குள் படம் முதன்முதலாகத் தியேட்டரில் வந்திருக்க வேண்டும். அமெரிக்காவுக்கு வெளியே, டிக்கெட் விற்று ஓடும் அரங்கில், இடைவெளி இல்லாமல் ஏழு நாள். திரைப்பட விழாக்களில் காட்டியது பிரச்சினை இல்லை. தொலைக்காட்சியிலோ ஓடிடியிலோ முதலில் வந்துவிட்டால் கதை முடிந்தது. தயாரிப்பாளர்கள் இங்கே செய்யும் தவறு, தகுதிக்காக ஒரு சின்ன ஊரில் படத்தை ஓட்டிவிட்டு ஆதாரம் வைத்துக்கொள்ளாதது. நாளிதழ் விளம்பரம், காட்சி நேரப் பட்டியல், அரங்கின் வசூல் அறிக்கை மூன்றையும் அந்த வாரத்திலேயே எடுத்து வையுங்கள். ஒருநாள் தனியார் வாடகைக்கு அரங்கைக் கொடுத்து, காட்சி ரத்தானால் ஏழு நாள் மறுபடி ஒன்றிலிருந்து.

கடைசியாக, 98-ஆவது விருதில் எல்லாவற்றுக்கும் மேலாக இருந்த விதி: ஒரு நாட்டுக்கு ஒரே படம், அதையும் அகாடமி அங்கீகரித்த கமிட்டிதான் தேர்ந்தெடுக்க வேண்டும். கமிட்டியில் குறைந்தது பாதிப் பேர் படைப்பாளிகளாகவோ தொழில்நுட்பக் கலைஞர்களாகவோ இருக்க வேண்டும். கமிட்டி இல்லாத நாட்டின் நிலைக்குப் பூட்டானே சாட்சி. 2020-இல் ‘லுனானா’ படத்தை அனுப்பியபோது அங்கீகரிக்கப்பட்ட கமிட்டி இல்லை என்று தள்ளிவிட்டார்கள். முறையாகக் கமிட்டி அமைத்து அடுத்த ஆண்டு அதே படத்தையே மறுபடி அனுப்பினார்கள். இறுதி ஐந்துக்குள் வந்தது.

கமிட்டி எப்படி வேலை செய்கிறது என்பதில் நாட்டுக்கு நாடு வழக்கம் வேறு. இஸ்ரேலில் கமிட்டியே கூட வேண்டியதில்லை, அவர்களின் ஓஃபிர் விருதில் சிறந்த படமானது எதுவோ அதுவே ஆஸ்கருக்கு. ஸ்பெயினில் திரைப்பட அகாடமி மூன்று படங்களைப் பொறுக்கி, உறுப்பினர்கள் வாக்குப் போடுகிறார்கள். பிரிட்டனுக்கு பாஃப்டா, ஜெர்மனிக்கு ஜெர்மன் ஃபிலிம்ஸ், தென்கொரியாவுக்கு திரைப்படக் கவுன்சிலான கோஃபிக்.

இதில் கவனித்துப் படிக்க வேண்டியது பிரான்ஸ். முதல் சுற்றில் நாலைந்து படங்களை எடுத்துக்கொள்கிறார்கள். பிறகு ஒவ்வொரு படத்தின் தயாரிப்பாளர், வெளிநாட்டு விற்பனையாளர், அமெரிக்க விநியோகஸ்தர் ஆகியோரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, ‘தேர்ந்தெடுத்தால் டிசம்பர் வரைக்கும் என்ன செய்யப்போகிறீர்கள்’ என்று கேட்கிறார்கள். அப்புறம்தான் வாக்கு. இவ்வளவு செய்தும் 2023-இல் ‘அனாடமி ஆஃப் எ ஃபால்’ படத்தை விட்டுவிட்டார்கள். அது அமெரிக்க வெளியீட்டின் மூலம் மற்றப் பிரிவுகளின் வாசல் வழியே போய் ஐந்து பரிந்துரையும் அசல் திரைக்கதைக்கான ஆஸ்கரும் வாங்கியது. ஆனாலும் அந்தக் கமிட்டி கேட்கும் கேள்வி சரியான கேள்வி.

இந்தியாவில் இது இந்தியத் திரைப்படக் கூட்டமைப்பின் பொறுப்பு. தயாரிப்பாளர் விண்ணப்பித்துக் கட்டணம் கட்ட வேண்டும், விண்ணப்பிக்காத படம் பரிசீலனைக்கே வராது. ‘அந்தப் படத்தை ஏன் அனுப்பவில்லை’ என்று கொதிக்கும் முன், அது பட்டியலில் இருந்ததா என்று பாருங்கள். 2024-இல் பட்டியலில் 29 படங்கள். மகாராஜா, கொட்டுக்காளி, வாழை, தங்கலான் எல்லாம் அதில் இருந்தன. தேர்வானது ‘லாபதா லேடீஸ்’, சென்னையில் செப்டம்பர் 23 அன்று அறிவித்தார்கள். கான் விழாவில் இரண்டாம் பரிசான கிராண்ட் பிரீ வாங்கிய ‘ஆல் வீ இமாஜின் ஆஸ் லைட்’ தேர்வாகவில்லை. இந்தியாவில் நடக்கும் ஐரோப்பியப் படம் போல இருக்கிறது என்று நடுவர்கள் கருதியதாகக் கூட்டமைப்பின் தலைவர் விளக்கம் சொன்னார். ‘தி லஞ்ச்பாக்ஸ்’ இருக்க 2013-இல் ‘தி குட் ரோடு’ போனதிலிருந்து இந்த வழக்கு ஓய்ந்தபாடில்லை.

எங்கள் பார்வையில் இதில் இந்தியத்தன்மை பற்றிய சண்டை இரண்டாம்பட்சம். முதல் பிரச்சினை நாள்காட்டி. 2025-இல் 24 படங்களிலிருந்து ‘ஹோம்பவுண்ட்’ தேர்வான அறிவிப்பு செப்டம்பர் 19. படம் இந்தியத் திரைக்கு வந்ததே 26-இல். அகாடமியின் கெடு அக்டோபர் 1. முதல்கட்ட வாக்கு டிசம்பர் 8. ஆக மொத்தம் 80 நாள். ஜெர்மனியும் தென்கொரியாவும் பல ஆண்டுகளில் ஆகஸ்டிலேயே அறிவித்துவிடுகின்றன. இந்த ஒரு மாதம் முன்னால் இருந்தால் ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் முதல் வாரத்து டெலூரைடு, டொராண்டோ விழாக்களுக்கே ‘எங்கள் நாட்டின் ஆஸ்கர் படம்’ என்ற அடையாளத்தோடு போகலாம். ‘ஹோம்பவுண்ட்’ தாக்குப்பிடித்ததற்குக் காரணம், மே மாதமே கான் விழாவில் பெயர் வாங்கி, மார்ட்டின் ஸ்கோர்செஸியை நிர்வாகத் தயாரிப்பாளராகவும் வைத்திருந்தது. அந்த வாய்ப்பு இல்லாத படம் செப்டம்பர் கடைசியில் தேர்வானால், அமெரிக்க விநியோகஸ்தரைத் தேடுவதற்குள் நவம்பர் போய்விடும்.

புதன், வில்ஷயர்-ஃபேர்ஃபாக்ஸ்

அகாடமி மியூசியம் திறந்தது 2021 செப்டம்பர் 30. ஹாலிவுட்டிலிருந்து 217-ஆம் எண் பஸ் ஃபேர்ஃபாக்ஸ் வழியாக இங்கே வரும். டிக்கெட் 25 டாலர், 17 வயது வரைக்கும் இலவசம். 1939-இன் மே கம்பெனி கடைக் கட்டடத்தோடு கட்டடக் கலைஞர் ரென்ஸோ பியானோ கான்கிரீட்டும் கண்ணாடியுமான ஒரு கோளத்தைச் சேர்த்திருக்கிறார். மேல்தளத்தில் நின்றால் ஹாலிவுட் எழுத்துகள் தெரியும். விருது வரலாற்றுக் கூடத்துக்கு ஒரு மணி நேரம் போதும். நேரம் இருந்தால் மியூசியத்தின் அரங்குகளில் மாலைக் காட்சி பாருங்கள்; அதற்குத் தனி டிக்கெட், மியூசியச் சீட்டு தேவையில்லை.

இப்படிப்பட்ட அரங்கில் உட்கார்ந்தால்தான் தியேட்டரில் ஓட்டும் டிஜிட்டல் பிரதியான டிசிபி எவ்வளவு ஒழுங்காகச் செய்யப்பட்டிருக்கிறது என்பது தெரியும். அகாடமி கேட்பது நொடிக்கு 24 அல்லது 48 ஃபிரேம், குறைந்தது 2048-க்கு 1080 பிக்சல். ஒலி வழக்கமாக 5.1 அல்லது 7.1; மோனோ அல்லாத படத்தில் இடது, நடு, வலது என்று மூன்று தடமாவது வேண்டும்.

வழக்கமாக இடறும் இடம் 25 ஃபிரேம். தொலைக்காட்சிப் பணத்தில் எடுத்த படங்களும் சில ஆவணப் படங்களும் 25-இல் முடிக்கப்பட்டிருக்கும். அதை 24-க்கு இறக்கினால் 120 நிமிடப் படம் 125 நிமிடமாகும், ஒலியின் சுருதியும் இறங்கும். படத்தை மாற்றிவிட்டுப் பழைய சப்டைட்டில் கோப்பையே வைத்திருந்தால் நிமிடத்துக்கு இரண்டரை நொடி வீதம் விலகும். முதல் இரண்டு நிமிடம் மட்டும் போட்டுப் பார்த்தால் ‘கொஞ்சம் முந்துகிறது’ என்றுதான் தோன்றும். பத்தாவது நிமிடத்தில் பார்த்தால் அப்பா பேசாத வசனத்துக்கு மகன் பதில் சொல்லிக்கொண்டிருப்பான். முழுப் படத்தையும் தியேட்டரில் ஓட்டிப் பார்க்காமல் அனுப்பாதீர்கள்.

சப்டைட்டில்தான் வாக்காளர் கேட்கும் குரல், ஆனால் பட்ஜெட்டில் அதற்குக் கடைசி இடம். வரிக்கு 42 எழுத்துக்கு மேல் போகாமல், இரண்டு வரிக்குள், நொடிக்கு 15 முதல் 17 எழுத்து என்ற வேகத்தில் இருந்தால் வாசிக்க முடியும். தமிழ் வசனம் வேகமானது, நான்கு பேர் ஒரே நேரத்தில் பேசும் வீட்டுச் சண்டையை அப்படியே பெயர்த்தால் கண் படத்தைப் பார்க்கவே பார்க்காது. அதில் எந்த வரி கதையை நகர்த்துகிறதோ அதை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். வெள்ளை வேட்டி, சுண்ணாம்புச் சுவர், உச்சி வெயில் மண் ஆகியவற்றின் மேல் வெள்ளை எழுத்து காணாமல் போகும், எழுத்துக்குக் கறுப்பு விளிம்பு கட்டாயம். ஒரே படத்தில் இரண்டு மொழி வந்தால், ஒன்றைச் சாய்வெழுத்தில் போடுங்கள். சோதனைச் சாவடியில் சிங்களச் சிப்பாயும் தமிழ்ப் பெண்ணும் பேசும் காட்சியில் யார் எந்த மொழிக்கு மாறுகிறார்கள் என்பதுதான் காட்சியே. அது தெரியாமல் போனால் வாக்காளருக்கு அந்தக் காட்சி வெறும் விசாரணை.

பூட்டிய டிசிபி அனுப்பினால், குறித்த நேரத்துக்கு மட்டும் அதைத் திறக்கும் கேடிஎம் என்ற டிஜிட்டல் சாவியின் காலக்கெடு காட்சி நேரத்துக்குச் சில மணி முன்னும் பின்னும் இருக்கட்டும். இந்திய நேரத்தில் சாவி அடித்து, அமெரிக்காவில் மாலைக் காட்சிக்கு முன்பே அது காலாவதியாகும் கூத்து நடப்பதுண்டு.

வியாழன், பெவர்லி ஹில்ஸ்

வில்ஷயரில் 720-ஆம் எண் பஸ்ஸில் ராபர்ட்சன் வந்து மேற்கே கொஞ்சம் நடந்தால் 8949-ஆம் எண் கட்டடம், அகாடமியின் தலைமையகம். உள்ளே சாமுவேல் கோல்ட்வின் அரங்கு, 1,012 இருக்கை. சுற்றுலாவாகச் சுற்றிக்காட்டுவதில்லை, பொதுமக்களுக்கான நிகழ்ச்சி இருந்தால் டிக்கெட் எடுத்துப் போகலாம், இல்லையென்றால் வெளியே நின்று படம் எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

நீண்ட காலம் இந்தப் பிரிவின் முதல்கட்ட வாக்கு என்பது லாஸ் ஏஞ்சலஸில் இருக்கும், மாலையில் தியேட்டருக்கு வர நேரமுள்ள உறுப்பினர்கள் கையில் இருந்தது. அப்படி வருகிறவர்களில் ஓய்வு பெற்றவர்களே அதிகம் என்று விமர்சனம் வந்தது. ருமேனியாவின் ‘4 மந்த்ஸ், 3 வீக்ஸ் அண்ட் 2 டேஸ்’ தங்கப் பனை வாங்கியும் ஒன்பது படப் பட்டியலில்கூட இடம்பெறாமல் போனதும் பெரிய கூச்சல். அதன் பிறகு ஆறு படத்தை வாக்கும், மூன்றை நிர்வாகக் குழுவும் சேர்ப்பது என்று ஏற்பாடு செய்தார்கள். இப்போது அந்தக் குழுவின் கை இல்லை. 93-ஆவது விருதிலிருந்து பட்டியல் 15, எல்லாம் வாக்கு. எந்தத் துறை உறுப்பினரும், எந்த நாட்டில் இருந்தாலும், விரும்பினால் பதிந்துகொண்டு உறுப்பினர்களுக்கான இணையத் திரையறையில் பார்த்து வாக்களிக்கலாம்.

86 படத்தையும் ஒருவரே பார்க்க முடியாது. ஆகவே பதிந்த உறுப்பினர்களைக் குழுக்களாகப் பிரித்து, ஆளுக்கு ஒரு கட்டாயப் பட்டியல் தருகிறார்கள். அதில் குறைந்தபட்ச எண்ணிக்கை பார்த்தால்தான் வாக்கு செல்லும். பட்டியலுக்கு வெளியேயும் பார்க்கலாம். இந்த இடத்தில்தான் விநியோகஸ்தரின் பணம் பேசுகிறது. கட்டாயப் பட்டியல் எல்லாப் படத்துக்கும் சில கண்களை உறுதி செய்கிறது. அதற்கு மேல் வரும் கண்களைப் பத்திரிகை விளம்பரமும், இயக்குநரோடு நடக்கும் திரையிடலும்தான் கொண்டுவருகின்றன. உறுப்பினரிடம் நேரடியாக ‘எனக்குப் போடுங்கள்’ என்று கேட்பது விதிமீறல்.

98-ஆவது விருதின் இரண்டாம் சுற்று 2026 ஜனவரி 12, திங்கள் தொடங்கி, 16-ஆம் தேதி வெள்ளி மாலை 5 மணிக்கு முடிந்தது. இதில் வாக்களிக்க 15 படத்தையும் பார்த்திருக்க வேண்டும். இறுதிச் சுற்றில் ஐந்தையும். பதிந்துகொள்கிற இந்திய உறுப்பினர்களின் வாக்கும் இதில் சேரும். 2022-இல் சூர்யாவுக்கும் 2025-இல் கமல் ஹாசனுக்கும் அழைப்பு வந்தது.

விருது வென்றால் மேடையேறி வாங்குவது இயக்குநர், ஆனால் 98-ஆவது விருதின் விதிப்படி விருது நாட்டுக்கு. 2014-இல்தான் சிலையில் நாட்டின் பெயருக்குப் பிறகு இயக்குநரின் பெயரையும் பொறிப்பது என்று முடிவானது.

வெள்ளி, விமானத்துக்கு முன்

98-ஆவது விருதுக்கான பரிந்துரை அறிவிப்பு வந்தது 2026 ஜனவரி 22, வியாழன் அன்று. இங்கே அதிகாலை 5.30, தமிழ்நாட்டில் இரவு 7 மணி. 

கமிட்டி கைவிட்ட படத்துக்கும் ஆஸ்கரின் மற்றப் பிரிவுகளுக்குப் போக ஒரு வாசல் இருக்கிறது, கடைசியாக அது. ‘ஆர்.ஆர்.ஆர்’ பாட்டுக்கான ஆஸ்கரை வாங்கியது இந்தியாவின் தேர்வு வழியாக அல்ல, அந்த ஆண்டு இந்தியா அனுப்பியது ‘செல்லோ ஷோ’. பிரேசில் 2002-இல் அனுப்பி, பரிந்துரை பெறாத ‘சிட்டி ஆஃப் காட்’, அமெரிக்க வெளியீட்டுக்குப் பிறகு அடுத்த சுற்றில் நான்கு பரிந்துரை வாங்கியது. இதற்குத் தேவை அமெரிக்காவில் தகுதி ஓட்டம்: லாஸ் ஏஞ்சலஸ், நியூயார்க், சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதி, சிகாகோ, டல்லாஸ்-ஃபோர்ட்வொர்த், அட்லாண்டா ஆகிய ஆறு பகுதிகளில் ஏதாவது ஒன்றில், ஒரே வணிக அரங்கில், தொடர்ந்து ஏழு நாள், தினம் மூன்று காட்சி, அதில் ஒன்றாவது மாலை 6 முதல் இரவு 10-க்குள் தொடங்க வேண்டும். பிறகு அகாடமிக்கு விண்ணப்பம். சிறந்த படப் பிரிவு என்றால் கூடுதலாகப் படத்திலும் படக்குழுவிலும் உள்ள பன்முகத்தன்மை பற்றிய படிவமும், இன்னும் பல ஊர்களில் ஓட்டமும் வேண்டும்.

இதை முடித்த எல்லாப் படமும் ஜனவரியில் வரும் தகுதிப் பட்டியலில் ஏறும். 2025-இல் அதில் 323 படம், ‘கங்குவா’வும் ‘ஆடுஜீவித’மும் உட்பட. ‘ஆஸ்கர் ரேஸில்’ என்று நம் ஊர் செய்திகள் கொண்டாடியது இதைத்தான். படிவம் ஏற்கப்பட்டது என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

டல்லாஸிலும் அட்லாண்டாவிலும் தமிழ்ப் படம் வாராவாரம் வெளியாகிறதே, இது சுலபம்தானே என்று தோன்றலாம். வியாழன் பிரீமியர், வெள்ளி முதல் ஞாயிறு வரைக்கும் ஐந்தாறு காட்சி, சரி. திங்கள் வந்ததும் மல்டிபிளெக்ஸ் காட்சியைக் குறைத்து, இரவு ஒன்று மட்டும் விடும். செவ்வாய்க்கிழமை மூன்று காட்சி இல்லையென்றால் அந்த ஓட்டம் செல்லாது. அமெரிக்க விநியோக ஒப்பந்தத்திலேயே ஒரு அரங்கின் பெயரைச் சொல்லி, ஏழு நாளும் மூன்று காட்சி என்று எழுதி வாங்குங்கள். கூட்டம் வராத நாட்களின் வாடகையைத் தயாரிப்பாளர்தான் கட்ட வேண்டியிருக்கும், அதையும் சேர்த்துப் பட்ஜெட் போடுங்கள்.